அஞ்சாவது லயம், கடைசிக்கு முந்தின வீடு

மலேசியாவில், புக்கிட் செலம்பாவில் என் வீட்டுக்கு வருகிறவர்கள் மூன்றே பேர். மீட்டர் பார்க்கிறவர், பார்சல் கொண்டு வருகிறவர், எதிர்வீட்டுப் பூனை. பூனையை விரட்டிவிடுவேன். அம்மா போய் நான்கு வருடம். அக்காள் கல்யாணமாகி சபா மாநிலத்துக்குப் போய்விட்டாள். பினாங்கில் இருக்கும் ஒரு கம்பெனிக்கு வீட்டிலிருந்தபடியே சர்வர் மென்பொருள் எழுதுகிறேன். சில நாட்களில் காலை மீட்டிங்கில் சொல்லும் "குட் மார்னிங்", முடியும் என்பதற்கு ஒரு "கேன்", "ஓகே லா" இவை மூன்றும்தான் அன்று முழுக்க என் வாயிலிருந்து வரும் பேச்சு. இதைப் பெருமையாகவும் சொல்லிக்கொண்டு திரிந்திருக்கிறேன். தொந்தரவில்லாத வாழ்க்கையாம். என்ன தொந்தரவில்லாத வாழ்க்கை, மண்ணாங்கட்டி.

சென்ற வருடம் அந்த வேலை எனக்குத் தலைவலியாக வந்து சேர்ந்தது. எங்கள் மென்பொருள் பெரிய ஆலைகளின் கேபிள் வரைபடத்தைச் சேமித்து வைக்கும். ஒவ்வொரு கருவியும் ஒரு புள்ளி. ஒரு கருவியிலிருந்து இன்னொன்றுக்குப் போகும் கேபிள் ஒரு கோடு. ஆலையில் எதையாவது மாற்றினால் புதிய வரைபடத்தை ஏற்றுவார்கள். சர்வர் பழையதையும் புதியதையும் ஒப்பிட்டு, எது எங்கே மாறியது என்று அறிக்கை தரும். கேட்க எளிது. ஆனால் கருவிகளின் பெயரை நம்ப முடியாது. டெக்னீஷியன்கள் ஆளாளுக்கு ஒரு லேபிள் ஒட்டுவார்கள். இன்று ஒரு பெயர், நாளை ஒரு பெயர். ஆகவே பெயரைப் பார்க்காமல், பழைய படத்தில் உள்ள இந்தப் புள்ளிதான் புதிய படத்தில் உள்ள அந்தப் புள்ளி என்று கண்டுபிடிக்க வேண்டும்.

அந்த ஒப்பீட்டை ஆறு வருடத்துக்கு முன்னால் எழுதியவள் நான்தான். பழைய படத்தில் ஒரு புள்ளியை எடுக்கும், புதிய படத்தின் ஒவ்வொரு புள்ளியோடும் வைத்துப் பார்க்கும், பொருந்தாவிட்டால் பின்வாங்கி அடுத்ததைப் பார்க்கும். சின்ன ஆலைக்கு அது போதும். கூலிம் பக்கம் ஒரு வாடிக்கையாளர் புதுக் கட்டடங்களாகக் கட்டிக்கொண்டே போனார். ஒப்பீடு நாற்பது நிமிடம் எடுக்க ஆரம்பித்தது.

"அக்கா, நாப்பது நிமிஷம் லா! அவன் காப்பி குடிச்சிட்டு, சாப்ட்டு, சுருட்டும் புடிச்சிட்டு வந்துர்றான், நம்ம சர்வர் இன்னும் சுத்திக்கிட்டு இருக்கு," என்றார் மேனேஜர். என்னைவிடப் பத்து வயது இளையவர், நல்ல பிள்ளை. வாயில் மட்டும் எப்போதும் மிளகாய்.

இரண்டு வாரம் தலையைப் பிய்த்துக்கொண்டேன். அளந்து பார்த்தால் நாற்பது நிமிடத்தில் முப்பத்தெட்டு நிமிடம் நான் எழுதிய அந்த ஒரே பகுதியில்தான் போகிறது. அதைத் துண்டு போட்டேன், கணக்குகளைச் சேமித்து வைத்துப் பார்த்தேன், இன்னொரு சர்வரைச் சேர்த்தேன். முப்பத்தொரு நிமிடம். அதற்குக் கீழே இறங்கமாட்டேன் என்று அடம்பிடித்தது.

அந்தச் சமயத்தில்தான் சுங்கைப் பட்டாணியில் ஒரு கல்யாணம். அக்காளின் நாத்தனார் வீட்டு விசேஷம். அக்காள் வர முடியாததால் அவளுக்குப் பதிலாக என்னைப் போகச் சொன்னாள். மண்டபத்தில் எனக்கு யாரையும் தெரியாது. கடைசி மேசையில் உட்கார்ந்து கைப்பேசியை நோண்டிக்கொண்டிருந்தபோது, பக்கத்து நாற்காலிப் பெண்மணி என் பக்கம் திரும்பினார். அறுபத்தைந்து வயதுக்கு மேல் இருக்கும். நல்ல குரல்.

"எந்த எஸ்டேட்டும்மா நீ?"

ரப்பர்த் தோட்டத்திலிருந்து வந்த எங்கள் ஆட்கள் பெயரைக் கேட்பதில்லை. பெயரை வைத்து என்ன செய்வது? ஒரே பெயரில் பத்துப் பேர் இருப்பார்கள். எந்த எஸ்டேட், வரிசை வீடுகளில் எந்த லயம், பக்கத்தில் யார், பின்னால் என்ன என்று வரிசையாகக் கேட்டு ஆளைப் பிடித்துவிடுவார்கள். எஸ்டேட்டெல்லாம் விற்றுத் தாமான் வீடுகளாகி, செம்பனைத் தோட்டமாகி, எத்தனையோ வருடமாயிற்று. கேள்வி மட்டும் அப்படியே இருக்கிறது. எனக்கு எஸ்டேட் ஏக்கமெல்லாம் கிடையாது. ஏழு வயதில் வெளியேறினோம். ஞாபகத்தில் இருப்பது கக்கூஸ் வரிசைதான். ஆனாலும் சாப்பாடு வரத் தாமதமாயிற்று. பதில் சொன்னேன்.

"பாடாங் மேஹா பக்கம்."

"அட, நானும் அங்கதான்! எந்த லயம்?"

"அஞ்சாவது லயம். கடைசிக்கு முந்தின வீடு."

அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "கடைசி வீடு, வேல வாங்குற மண்டோர் வீடு?"

"ஆமா."

"வாசல்ல தண்ணிப் பைப்பு?"

"ஆமா."

"ரெண்டும் பொம்பளப் பிள்ளைங்க. அப்பா லோரி ஓட்டுவாரு."

"ஆமாங்க."

"அடியே, சின்னவளா நீ!" என்று என்னை இழுத்து அணைத்துக்கொண்டார். அந்த அம்மாளின் உடம்பில் பவுடரும் வேர்வையும் மல்லிகையும் கலந்த வாசம். என் தோளில் முகத்தை வைத்து அழுதார். "உங்கம்மா போனது ரொம்ப நாள் கழிச்சுத்தான்டி என் காதுக்கு வந்துச்சு. என் பெரியவன் பொறந்து நான் ஜன்னி கண்டு கெடந்தப்ப, உங்கம்மாதான் அவனுக்குப் பால் குடுத்தா. தெரியுமா உனக்கு?"

தெரியாது. தெரிந்திருக்கவும் வழியில்லை. என் அம்மா அடுத்த வீட்டுக்கு உப்பு கொடுக்கவே முகம் சுளிப்பாள். பிறகு அவர் சொன்னார், உங்கம்மா கோயில் திருவிழாவில் பாடினால் தொரை பங்களா வரைக்கும் கேட்கும் என்று. என் அம்மா பாடி நான் கேட்டதே இல்லை. அப்போதே எனக்குப் புரிந்துவிட்டது. அந்த எஸ்டேட்டில் மேல் டிவிஷன், கீழ் டிவிஷன் என்று இரண்டு உண்டு. நடுவில் இரண்டு மைல் பால்மரக் காடு. வெள்ளைக்காரன் ஒரே பிளானை வைத்து இரண்டையும் கட்டினான். அங்கேயும் அஞ்சாவது லயம், அங்கேயும் மண்டோர் வீடு, அங்கேயும் பைப்பு. இவர் மேல் டிவிஷன். நான் கீழ் டிவிஷன்.

சொல்லியிருக்கலாம். வாயைத் திறந்தால் போதும். ஆனால் என்னை யாராவது அப்படி அணைத்து நான்கு வருடம் ஆகியிருந்தது. உண்மையைச் சொன்னால் நான்கு வருடத்துக்கும் மேலேயே. வாயை மூடிக்கொண்டேன்.

"பெரியம்மான்னு கூப்புடு. யான் ஊர்ல இருக்கேன். ஞாயித்துக்கிழம வா. உங்கம்மா படம் ஒண்ணு என்கிட்ட இருக்கு, மகன் வீட்டுல மாட்டிக்கிச்சு, கொண்டாரச் சொல்றேன்," என்றார்.

மறுநாள் திங்கட்கிழமை. காப்பிக் கோப்பையைக் கழுவிக்கொண்டிருந்தபோது சட்டென்று பிடிபட்டது. அந்த அம்மாள் மண்டபத்தில் இருந்த ஒவ்வொருவரோடும் என்னை ஒப்பிட்டா பார்த்தார்? நாலு கேள்வி கேட்டார், ஆளைப் பிடித்தார். என் ஒப்பீடும் அப்படித்தானே செய்ய வேண்டும்? ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு அடையாள எண் கொடுப்போம். முதல் சுற்றில், அதிலிருந்து எத்தனை கேபிள் போகிறது என்பதை வைத்து. இரண்டாம் சுற்றில், அதன் பக்கத்துப் புள்ளிகளின் எண்களைச் சேர்த்து. மூன்றாம் சுற்றில், பக்கத்துக்குப் பக்கத்தையும் சேர்த்து. பிறகு ஒரே எண் உள்ளவற்றை மட்டும் ஒப்பிட்டால் போதும். ஈரக் கையோடு ஓடிவந்து எழுத உட்கார்ந்தேன்.

வியாழக்கிழமை முழு வரைபடத்தையும் ஓட்டிப் பார்த்தேன். பதினொரு விநாடி. நம்பாமல் மூன்று தடவை ஓட்டினேன். பதினொரு விநாடி! நாற்காலியிலிருந்து எழுந்து "யேய்!" என்று கத்தினேன். கத்திவிட்டுப் பார்த்தால் கூடத்தில் யாரும் இல்லை. சன்னலுக்கு வெளியே பூனை மட்டும் திரும்பிப் பார்த்தது. மேனேஜருக்கு எழுதினேன். கட்டைவிரல் படம் ஒன்று வந்தது. அவ்வளவுதான். அன்று அழுகை வந்தது, மறைப்பானேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை யானுக்குப் போனேன். மோட்டார் சைக்கிளில் ஒரு மணி நேரம். ஜெராய் மலையைச் சுற்றிக்கொண்டு போனால் வயல் வரும், வயலோரத்தில் அவர் வீடு. புருஷன் அரிசி ஆலையில் வேலை செய்து அங்கேயே தங்கிவிட்டவர், இப்போது இல்லை. பிள்ளைகள் பினாங்கில். கோழிக் கறி, கீரை, ரசம். "தின்னுடி, எலும்பா இருக்க," என்று தட்டில் தள்ளினார். பதினொரு விநாடியைப் பற்றிச் சொன்னேன். ஒன்றும் புரியவில்லை அவருக்கு. "நாப்பது நிமிச வேலைய பதினொரு செகண்டுலயா? கெட்டிக்காரிதான்! உங்கம்மா மாதிரியே கை வேகம்," என்றார். எந்த அம்மா என்று நான் யோசிக்கவில்லை. யோசிக்க விரும்பவில்லை.

நான்கு மாதம் போனேன். ஒரு ஞாயிறும் தவறவில்லை. வெள்ளிக்கிழமையே அவர் கூப்பிட்டுவிடுவார், "மீன் ஆக்கவா, கறி ஆக்கவா?" என்று. அந்த ஒரு கேள்விக்காக வாரம் முழுக்கக் காத்திருந்தேன் என்றால் சிரிப்பீர்கள். உண்மையைச் சொன்னால் இது போய்விடும். அது மட்டும் எனக்கு நன்றாகத் தெரிந்திருந்தது.

நான்காம் மாதக் கடைசியில் மகன் அந்தப் படத்தைக் கொண்டு வந்து கொடுத்திருந்தார். பெரியம்மா அதைத் துணியில் சுற்றி வைத்திருந்து என் இரண்டு கையிலும் வைத்தார். மங்கிப்போன கறுப்பு வெள்ளை. ஒரு பெண் இடுப்பில் குழந்தையோடு பைப்பு ஓரம் நின்று சிரிக்கிறாள். பல் வரிசை கொஞ்சம் எத்தி, அழகாக. என் வாழ்நாளில் பார்க்காத முகம். பெரியம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அம்மா," என்றேன்.

அதுவரைக்கும் நான் பேசாமல்தான் இருந்தேன். வாயைத் திறந்து சொன்ன பொய் அதுதான் முதல். "எடுத்துட்டுப் போ, உன் பொருளு," என்றார். வீட்டுக்குக் கொண்டுவந்து கணினிக்குப் பக்கத்தில் குப்புறப் போட்டேன்.

செவ்வாய்க்கிழமை காலை மேனேஜர் கூப்பிட்டார். குரலில் மிளகாய் இல்லை. கூலிம் வாடிக்கையாளர் இரண்டு கட்டடங்களை ஒரே பிளானில் கட்டியிருக்கிறார். ஒரே மாதிரிக் கேபிள், ஒரே மாதிரி மின்பெட்டி. இரண்டாம் கட்டடத்தில் ஒரு பெட்டியை மாற்றியிருக்கிறார்கள். எங்கள் அறிக்கை முதல் கட்டடத்தைக் காட்டியிருக்கிறது. அதை நம்பி டெக்னீஷியன் போய், நன்றாக ஓடிக்கொண்டிருந்த பெட்டியை அணைத்துவிட்டார். அரை நாள் உற்பத்தி நின்றுபோயிற்று.

"அக்கா, ஒண்ணு கேக்குறேன், கோச்சிக்காதீங்க. ரெண்டும் ஒரே மாதிரி இருந்தா, உங்க கோட் கையில கெடச்சத புடிச்சிக்குமா?"

"ம்," என்றேன்.

"அது தப்புன்னு அதுக்குத் தெரியாதா?"

"தெரியாது," என்றேன். மூன்று சுற்றோடு நான் நிறுத்திவிட்டேன். பக்கத்து வீடு, பின் வீடு, அதற்கும் பின் வீடு. இரண்டு கட்டடமும் வேறுபடுவது ஆறாவது சுற்றில், ஒன்றில் பம்பு அறை, மற்றதில் கிடங்கு. அதுவரைக்கும் போக எனக்குப் பொறுமையில்லை. பதினொரு விநாடி என்ற பெருமை கண்ணை மறைத்துவிட்டது.

இரண்டு நாளில் திருத்தினேன். இரண்டு புள்ளிக்கு ஒரே எண் வந்தால், பிரியும் வரை அடுத்த சுற்று, அதற்கடுத்த சுற்று என்று போகும். கடைசிவரை பிரியாவிட்டால் கையில் கிடைத்ததைப் பிடிக்காது. அறிக்கையில் ஒரு வரி எழுதும்: இரண்டில் எது என்று தெரியவில்லை, நேரில் போய்க் கேட்கவும். இப்போது பதினான்கு விநாடி. அந்த வரியைத் தட்டச்சு செய்தபோது பக்கத்தில் குப்புறக் கிடந்த படம் கண்ணில் பட்டது. எனக்கே என்மேல் ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. சீ, நானும் ஒரு மனுஷியா!

வெள்ளிக்கிழமை அழைப்பு வந்தது. மீன் என்றேன். ஞாயிற்றுக்கிழமை போனேன். சாப்பிட உட்காரவில்லை. படத்தை மேசைமேல் வைத்தேன்.

"பெரியம்மா, நான் கீழ் டிவிஷன்."

"கீழ் டிவிஷன்ல ஏதுடி அஞ்சாவது லயம்?"

"இருந்துச்சு. மண்டோர் வீடு, பைப்பு, எல்லாம் இருந்துச்சு. உங்க வீட்டுக்குப் பின்னாடி என்ன இருந்துச்சு?"

"பிள்ளைங்கள விட்டுட்டுப் போற ஆயாக் கொட்டகை."

"எங்களுக்குப் பின்னாடி ரப்பர் ஷீட்டு காய வைக்கிற புகைக் கொட்டகை."

கரண்டியைக் கீழே வைத்தார். "எப்பத் தெரியும் உனக்கு?"

"மொத நாளே."

"மொத நாளேவா? உன் தோள்ல சாஞ்சு அழுதேனேடி. கல்லு மாதிரி உக்காந்திருந்தியா? நாலு மாசமா மீனும் கறியுமா ஆக்கிப் போட்டேனே, யாரு பிள்ளைக்கு ஆக்கிப் போட்டேன்?"

எனக்கு நியாயம் எதுவும் இல்லை. யாரும் என்னைத் தேடவில்லை, நீங்கள் தேடினீர்கள், அதனால் இருந்துவிட்டேன் என்றேன். அவர் என்னைப் பார்க்காமல் படத்தை எடுத்து முந்தானையால் துடைத்தார்.

"அப்ப அவ எங்க? அந்தச் சின்னவ? கம்ப்யூட்டர்லதானே வேல பாக்குற. கண்டுபிடிச்சிக் குடு. இல்லாட்டி இங்க வராத."

அந்த எஸ்டேட் ஆட்களுக்கு ஒரு வாட்ஸ்அப் புலனக் குழு இருக்கிறது, காலை வணக்கமும் சாமி படமும் அனுப்பிக்கொள்ள. அதில் கேட்டேன். இந்தத் தடவை நாலு கேள்வியோடு நிறுத்தவில்லை. மேல் டிவிஷன், அஞ்சாவது லயம், பின்னால் ஆயாக் கொட்டகை, திருவிழாவில் பாடும் அம்மா, எத்திய பல். இரண்டாம் நாளே ஒருவர் எண் அனுப்பினார். நாட்டின் தென்கோடி ஜொகூர் பாருவில், ஜே.பி. என்பார்களே, அங்கே இருக்கிறாள் அவள். என் வயதுதான். கூப்பிட்டேன். பால் கொடுத்த கதையைச் சொன்னேன், படத்தைச் சொன்னேன், யானில் ஒரு அம்மாள் காத்திருப்பதைச் சொன்னேன்.

"ஓ, அப்படியா க்கா? எனக்கு அந்த ஆண்டிய ஞாபகமே இல்ல லா. படத்த ஸ்னேப் பண்ணி அனுப்பிடுங்களேன், போதும்."

"ஒரு தடவ நேர்ல வந்து பாத்தீங்கன்னா..."

"ஜே.பி.லேர்ந்து யானுக்கா? ஐயோ! பாப்போம் லா க்கா."

எங்கள் நாட்டில் 'பாப்போம் லா' என்றால் வரமாட்டேன் என்று அர்த்தம். போனை வைத்தேன். உனக்காக வைத்திருந்த இடத்தில் நான் திருடியாக நான்கு மாதம் உட்கார்ந்திருந்தேன், உனக்கு அது வேண்டவே வேண்டாமாடி என்று கத்த வேண்டும்போல இருந்தது. ஆனால் அவள்மேல் என்ன தப்பு? யாரென்றே தெரியாத ஒரு அம்மாள். எனக்கும்தான் தெரியாது.

இரண்டு வெள்ளிக்கிழமை கைப்பேசி சும்மா கிடந்தது. மூன்றாம் ஞாயிறு, அழைப்பில்லாமலே போனேன். கேட் திறந்திருந்தது. அவர் உள்ளே வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. வாசற்படியில் நின்றபடியே சொன்னேன்.

"ஆளு கெடச்சிட்டாங்க, ஆண்டி. ஜொகூர்ல இருக்காங்க. நல்லா இருக்காங்க. படத்த போன்ல அனுப்பச் சொன்னாங்க."

பெரியம்மா போய் 'ஆண்டி' ஆனதைக் கேட்டு அவர் புருவம் உயர்ந்தது. படத்தைக் கொண்டு வந்து வெளிச்சத்தில் பிடித்தார். கைப்பேசியில் எடுத்தேன். அனுப்பினேன். கொஞ்ச நேரத்தில் பதில் வந்தது.

"என்ன சொல்றா?"

"ஹார்ட்டு போட்டிருக்காங்க. பிடிச்சிருக்குன்னு அர்த்தம்."

"எப்ப வராளாம்?"

வருவாங்க என்று சொல்லிவிடலாம். இன்னொரு நான்கு மாதம் ஓடும்.

"வரமாட்டாங்க, ஆண்டி."

அவர் படத்தைத் திரும்பத் துணியில் சுற்றினார். மெதுவாக, மூலையை மூலையோடு வைத்து. நான் ஹெல்மெட்டைக் கையில் எடுத்தேன்.

அந்த நேரம் பக்கத்து வீட்டுப் பெண், முந்தின நாள் குழம்பு வாங்கிப் போன கிண்ணத்தைத் திருப்பிக் கொடுக்க வந்தார். என்னைப் பார்த்துச் சிரித்தார். "இதானே நீங்க சொல்லுவீங்களே, அந்தக் கூட்டாளி மக?"

"இல்ல," என்றார் அவர். "அவ ஜே.பி.யில இருக்கா."

"அப்ப இது யாரு மக?"

எங்கள் ஆட்கள் கேட்கும் கேள்விதான். எந்த எஸ்டேட், எந்த லயம், யார் மகள். எனக்கும் இந்த வீட்டுக்கும் நடுவே சொல்ல ஒன்றுமே இல்லை. அவர் கிண்ணத்தை வாங்கிக்கொண்டார். என்னை நன்றாக, மேலிருந்து கீழ்வரை பார்த்தார். கோபம் இன்னும் முகத்தில் அப்படியே இருந்தது.

"இது ஞாயித்துக்கிழமைக்கு வர்ற பிள்ள," என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "அந்தத் தொப்பிய அங்க வச்சிட்டுக் கைய கழுவு. மீனு இல்ல இன்னிக்கு, கருவாடுதான்," என்றார்.

ஹெல்மெட்டை வாசலில் வைத்துவிட்டுக் கை கழுவப் போனேன்.